எனக்குந்தான்

அடுத்த வீட்டுக்காரி கதை என்றதும் உனக்குக் காது முறம் மாதிரி விரிகிறதே, அது என்ன அப்படி? காலையில் உன் அம்மா முதுகு வலிக்கிறது என்று சொன்னபோது இதே காது எங்கே போயிருந்தது? ரெண்டு காதிலும் அந்த ஒயரைச் சொருகிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். இப்போது மட்டும் ஒயர் தானாகக் கழன்றுவிட்டது. காலேஜில் அடுத்தவரோடு எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்களாமே. அதற்குப் பரீட்சை வேறு. எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள். அவளை அந்தப் பரீட்சையில் உட்கார வைத்திருந்தால் கேள்வி கேட்டவரை அழ வைத்து, அவர் கைக்குட்டையையும் வாங்கித் தன் மூக்கைச் சிந்திவிட்டு வந்திருப்பாள்.

பேரைக் கேட்காதே. சொல்ல மாட்டேன். செத்தவள் பேரைச் சொல்ல எனக்கு ஒன்றும் பயமில்லை. அவள் பெண் இருக்கிறாள், கரியமாணிக்கத்தில். அந்தப் பெண்ணுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இதற்குள் இருக்கிறது. கேட்டால் கேட்டதோடு போக வேண்டும். போனில் தட்டி யாருக்காவது அனுப்பினாயோ, விரலை ஒடிப்பேன்.

பேர் இல்லாவிட்டால் என்ன, பட்டப்பேர் இருக்கிறது. எனக்குந்தான். பாகூர் ஏரிக்குக் கீழே எங்கள் தெருவில் எத்தனை வீடோ அத்தனை வீட்டிலும் அவளுக்கு அதுதான் பேர். நீ தலை வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறப்பாய். தலை என்ற சொல் வெளியே வந்திருக்கும், வலி இன்னும் உள்ளே இருக்கும், அதற்குள் எதிரே இருந்து வரும்: “எனக்குந்தான்டி.” அதோடு விட்டாலும் பரவாயில்லை. உனக்கு ஒரு பக்கம் வலித்தால் அவளுக்கு ரெண்டு பக்கமும், கூடவே கழுத்தும். உன் வீட்டு மாடு கறக்கவில்லை என்றால் அவள் வீட்டு மாடு உதைத்தது. அடுத்தவர் கஷ்டம் அவளுக்கு ஏணிப்படி. அதில் கால் வைத்து ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டுதான் உன்னைக் குனிந்து பார்ப்பாள்.

கெட்டவள் என்று நினைத்துவிடாதே. யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள் அவள்தான். வராமல் இருந்தால் தேவலை என்று நாங்கள்தான் நினைத்துக்கொள்வோம்.

கொம்யூன் பஞ்சாயத்துக்காரர்கள் தண்ணீர் விடுகிற குழாயடியில் ஒரு நாள் நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து நான் படுப்பதற்குள் ஆறு வாழைப்பழத்தோடு வந்துவிட்டாள். வந்தவள் கட்டைப் பார்த்தாள், கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள், பெருமூச்சு விட்டாள்.

“எனக்குந்தான் ஒடஞ்சிது, அந்தப் புயல் வருசம். உனக்கு ஒரு கை. எனக்கு ஒரே நேரத்துல ரெண்டும். எம் வூட்டுக்காரருதான் சோறு ஊட்னாரு.”

அந்தப் புயலில் விழுந்த முருங்கை மரத்தை அதே ரெண்டு கையால் அவள் வெட்டி அடுக்கியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல முடியுமா? அவள் தன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அதைக் கேட்டுத் தானே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளை என்ன செய்வது? தேற்றினேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கொண்டுவந்த பழத்தில் ரெண்டை அவளே தின்றாள். போகும்போது, உன்னிடம் பேசினால்தான் மனசு லேசாகிறது என்றாள். எனக்குக் கை கனத்தது.

அவள் வீட்டுக்காரர் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. கல்யாணமான புதிதில் பேசியிருப்பார் போல, பிறகு அது வீண் வேலை என்று விட்டுவிட்டார். ஒரு நாள் அவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மனுசன் வீட்டில் சொல்லவில்லை. டீக்கடையில் போய்ச் சொன்னார். வீட்டில் சொன்னால் தனக்கு முன்னால் அவள் படுத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். டீக்கடைக்காரர் ஆட்டோ பிடித்து, போகிற வழியில் அவளையும் ஏற்றிக்கொண்டதுதான் தப்பு. ஆஸ்பத்திரியில் யாருக்கு நெஞ்சு வலி என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கையைத் தூக்குவதற்குள் அவள் தூக்கிவிட்டாள். அவளைப் படுக்க வைத்து, ஒயரெல்லாம் ஒட்டி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் அவருக்கு வாயு, அவளுக்கு ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவர் தனக்கு எங்கே வலிக்கிறது என்று வீட்டில் வாயைத் திறக்கவே இல்லை. அவளோ, என் வீட்டுக்காரருக்கு இரும்பு உடம்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

நூறு நாள் வேலைக்கு ஏரி தூர் வாரப் போவோம். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறினால் எல்லோரும் மரத்தடிக்கு வந்துவிடுவோம். மேற்பார்வைக்காரரும் தூங்கப் போய்விடுவார். பொழுது போக வேண்டுமே. அவளை வைத்து நாங்கள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது நான்தான், அதை இங்கே ஒளிப்பானேன். இல்லாத கஷ்டத்தைச் சொல்ல வேண்டியது, அவள் எவ்வளவு தூரம் ஏறுகிறாள் என்று பார்க்க வேண்டியது.

“நேத்து எங்க கொல்லையில பாம்பு வந்துச்சிக்கா.”

“எனக்குந்தான். ரெண்டு வந்துச்சி.”

“எங்களுது நல்ல பாம்பு.”

“எங்களுது ரெண்டும் நல்ல பாம்பு. அதுல ஒண்ணு சென.”

சுற்றி இருந்தவர்கள் மண் கூடையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். கூடைகள் குலுங்கின. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவள் அந்தச் சினைப் பாம்பைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. சாவு வீடு. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பொம்பளைகள் தோளோடு தோள் பிடித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தது யாராவது இருக்கட்டும், ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களைச் சொல்லித்தான் அழுவாள். என் அப்பா போனார் என்று ஒருத்தி, என் அண்ணன் போனான் என்று ஒருத்தி. அங்கே எனக்குந்தான் என்பதுதான் முறையே. இவள் உட்கார்ந்தால் அந்த வட்டமே நடுங்கும். அம்மா, அப்பா, அண்ணன், மாமியார், மின்சாரம் பாய்ந்து செத்த மாடு என்று வரிசையாக அழைத்து வந்து அந்தச் சாவு வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவாள். குருவிநத்தத்தில் சாவு என்றாலும் ஆட்டோ அனுப்பிக் கூட்டிப்போவார்கள். அவளே செத்தபோது வட்டம் சப்பென்று இருந்தது. நன்றாக அழத் தெரிந்த ஒருத்தி உள்ளே படுத்துக்கிடந்தாள், பின்னே எப்படி இருக்கும்?

அவள் பண்ணின தப்பு இவ்வளவுதான். ஊரில் இருக்கிற எல்லா வீட்டையும் சாவு வீடு என்று நினைத்துக்கொண்டாள். உசிரோடு இருக்கிறவர்கள் நடுவே கொண்டுவந்து வட்டம் போட்டாள்.

அதை அதிகமாகப் பட்டது அவள் பெண்தான். ஒரே பெண். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எவளோ கிள்ளினாள் என்று அழுதுகொண்டு வந்தால், தன்னை வாத்தியார் பிரம்பு முறியும்வரை அடித்த கதையை எடுத்து விடுவாள். குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு அம்மா கண்ணைத் துடைக்கும். பன்னிரண்டாவதில் ஒரு பாடத்தில் போய்விட்டது. அன்றைக்கு மூன்றாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்திய கதை. அதற்கப்புறம் அந்தப் பெண் எதுவானாலும் வேலியைத் தாண்டி என்னிடம்தான் வந்து சொல்லும். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிட மாட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொள்வேன், நடுவில் ஒரு கேலி பேசுவேன். அதற்கு அதுவே போதுமாக இருந்தது.

கரியமாணிக்கத்துக்குக் கட்டிக்கொடுத்த பிறகு தினமும் போன் வரும். பெண் மூன்று வார்த்தை பேசும். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், வச்சிடறேன். மிச்சமெல்லாம் இவள் முட்டி வலி. போனை வைத்துவிட்டு எங்களிடம் வருவாள். என் பெண் என்னிடம் எதையும் மறைக்க மாட்டாள், கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு முடிந்து ஏழு மாசம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் தெருவே கட்டுச்சோறோடு வேன் ஏறத் தயாராக இருந்தது. அப்போதுதான் ஒரு நாள் பகலில் எனக்குப் போன் வந்தது.

“சின்னம்மா, புள்ள போயிடுச்சி,” என்றாள். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் வைத்திருந்து மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குரல் ஏதோ ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது. நான் வாய் திறப்பதற்குள், “அம்மாகிட்ட சொல்லாத,” என்றாள்.

ஏண்டி என்றேன்.

“சொன்னா வந்துடும். வந்து அழுவும். அப்புறம் நான்தான் அத தேத்தணும். எனக்கு இப்போ தெம்பு இல்ல சின்னம்மா.”

இங்கே வந்து பத்து நாள் படுத்திரு என்றேன். வர மாட்டேன், இங்கேயே கிடக்கிறேன் என்றாள். அங்கே கிடப்பது லேசா? நீ மாடிப்படி ஏறினாய், அதனால்தான் என்று மாமியார் வேளைக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். புருசன் வேலைக்குப் போய்விடுவான். பெற்ற தாய் பத்து மைல் தூரத்தில் இருக்க, ஒரு பெண் அவளுக்குப் பயந்து அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறேன் என்கிறது. இப்போது விட்டால் இனி எப்போதும் அது தாய் வீட்டுப் பக்கம் தலை சாய்க்காது என்று எனக்குப் பட்டது.

பேச்சை மீறினேன். வேறு என்ன செய்வது, அங்கே அம்மாக்காரி வளைகாப்புக்கு வேனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போனேன். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையலைப் பாயில் பரப்பி, அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருசமாக அவளிடம் பொய்ப் பாம்பு விட்டுப் பழகியவள் நான். நிஜத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு எழவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

“இன்னாடி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? முட்டியா? எனக்குந்தான், காலையில எழுந்து கால ஊன முடியாம…”

“யக்கா, செத்த வாய மூடு. உம் பொண்ணுக்குப் புள்ள தங்கல.”

கையில் இருந்த வளையல் விழுந்து உடைந்தது என்று சொல்வேன் என எதிர்பார்த்தாயானால், நீ சினிமா அதிகம் பார்க்கிறாய். அந்த வளையலை மற்ற வளையலோடு வைத்தாள். எல்லாவற்றையும் காகிதத்தில் சுருட்டினாள். நூல் தேடி எடுத்து வந்து கட்டினாள். நான் காத்திருந்தேன். எனக்குந்தான் வரவில்லை.

“அழுதாளா?” என்று கேட்டாள்.

“இல்ல போல.”

“அழ வுட்டிருக்க மாட்டாளுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாகூரில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது எங்கேயோ போனாள், திரும்பி வந்தால் கையில் நாலு முழம் மல்லிப் பூ. எனக்கு வந்ததே கோபம்.

“பூவா? துக்கம் கேக்கப் போற எடத்துக்கு எவளாவது பூ வாங்கிக்கினு போவாளா? புத்தி கித்தி இருக்குதா உனக்கு?”

அவள் பூவை இலையோடு பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆட்டோவில் வழி நெடுக நான்தான் பேசினேன். அங்கே போய் எனக்குந்தான் என்று ஆரம்பித்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். அவள் கரும்பு வெட்டின வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இதுதான் உன்னை வெளியே சொல்லாதே என்றேனே, அந்தச் சங்கதி.

நான் அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த வருசம் அவளுக்கு முதல் பிள்ளை எட்டாம் மாசத்திலேயே பிறந்தது. உசிர் இல்லை. வீட்டுக்காரர் அதை ஒரு துண்டில் சுற்றி, ஒரு கையில் மண்வெட்டியோடு ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பச்சைப் பிள்ளைக்கு எங்கள் பக்கம் ஒப்பாரி கிடையாது. வட்டம் கிடையாது. யாரும் போய் என்ன ஏது என்று கேட்கவும் மாட்டார்கள். அழுதால் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் களத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. அப்புறம் எத்தனையோ வருசம் அவள் சொல்லாத கதை இல்லை. உடையாத கை உடைந்தது, வராத பாம்பு குட்டி போட்டது. நடந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் அதற்கு நாலு வருசம் கழித்துப் பிறந்தது. அதற்கு எதுவும் தெரியாது.

அதனால்தான் ஆட்டோவில் அவ்வளவு சொல்லி வைத்தேன். ஊரில் எல்லோருடைய கஷ்டத்தையும் பொய்யால் ஜெயித்தவளிடம் இன்றைக்கு நிஜமான ஒரு கதை இருக்கிறது. இதை எடுத்துப் போட்டால் எதிரே இருப்பவர்கள் எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண் தன் பிள்ளைக்கு அழ வந்த கண்ணால் அம்மாவின் பிள்ளைக்கு அழ வேண்டியதுதான்.

போய் இறங்கினோம். சம்பந்தியம்மாள் கூடத்திலேயே பிடித்துக்கொண்டு மாடிப்படிக் கதையை ஆரம்பித்தாள். இவள் நிற்காமல் உள்ளே போனாள். பெண் சுவரைப் பார்த்துத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது. இவள் கட்டிலில் உட்காரவில்லை, கீழே தரையில் உட்கார்ந்தாள். பெண் திரும்பாமலே பேசியது.

“வந்துட்டியா? ஆரம்பி. உனக்கு எத்தினி போச்சி?”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் வாய் திறந்தது. பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன், இழுக்கத் தயாராக. திறந்த வாய் அப்படியே நின்றது. எச்சிலை விழுங்கினாள்.

“நீ சொல்லு,” என்றாள்.

பெண் நம்பவில்லை. நம்பாத அளவுக்கு அனுபவம் இருந்தது அதற்கு. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். பிறகு பெண் சுவரிடம் சொல்வது மாதிரி, ஞாயிற்றுக்கிழமை நன்றாக அசைந்தது என்றது.

“ஊம்.”

திங்கட்கிழமை அசையவில்லை. மதியம் வரைக்கும் பார்க்கலாம் என்றார்கள்.

“ஊம்.”

அந்த ஊம் இருக்கிறதே, அது அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பழக்கமில்லாத செருப்பு மாதிரி அவளுக்கு அது கடித்தது. ஒவ்வொரு ஊமுக்கும் முன்னால் உதடு துடிக்கும், உள்ளே ஏதோ ஒன்று கிளம்பி வரும், பல்லைக் கடித்துத் திருப்பி அனுப்புவாள். நெற்றியில் வேர்வை. நெல் மூட்டை தூக்கும்போது கூட அவள் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை. பெண் சொல்லிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் இந்தப் பக்கம் திரும்பியது.

“எனக்கு மூஞ்சியக் கூடக் காட்லம்மா.”

அதற்கு மட்டும் ஊம் வரவில்லை. எழுந்து கட்டிலில் உட்கார்ந்து பெண்ணின் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அது வாய்விட்டு அழுதது. தெருவுக்கே கேட்டிருக்கும். சம்பந்தியம்மாள் வாசற்படியில் வந்து நின்று, அழுதால் அடுத்தது தங்காது என்று ஆரம்பித்தாள். இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அழட்டும் சம்பந்தி. அந்தக் கதவ செத்த சாத்துங்க. நீங்க அந்தாண்ட நின்னுக்கினு.”

கதவு சாத்திக்கொண்டது. அழுது ஓய்ந்ததும் பார்க்கிறேன், பெண்ணின் நைட்டி முன்பக்கம் நனைந்திருக்கிறது. பிள்ளை இல்லை என்று பாலுக்குத் தெரியுமா? அதை மறைக்கத்தான் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். கல் மாதிரி வலிக்கிறது என்றாள். இவள் பையைத் திறந்து அந்த நாலு முழம் மல்லியை எடுத்தாள். பழைய புடவை ஒன்றைக் கிழித்தாள். பெண்ணின் மார்பில் பூவைப் பரப்பி வைத்து, மூச்சு முட்டாமல், நழுவாமல், பக்குவமாகக் கட்டினாள். பால் வற்றுவதற்கு.

நான் மூன்று பெற்றவள். மூன்றும் குடித்து வளர்ந்தவை. எனக்கு அது தோன்றவே இல்லை. தேவைப்பட்டவளுக்குத்தான் பாகூரில் நின்றபோதே தோன்றும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. நான் புதுப்பெண்ணாக இருந்த அந்த வருசம், அவள் வீட்டுக் கொல்லையில் வாடின மல்லிப் பூ குவியலாகக் கிடந்தது. பிள்ளை போன வீட்டில் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் பூவென்ன கூத்தென்ன என்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்திருக்கிறேன். நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தேன். எனக்கு வாய் சின்ன வயதிலிருந்தே அப்படி.

“இதெல்லாம் உனக்கு எப்டிம்மா தெரியும்?” என்று பெண் கேட்டது.

அவள் முடிச்சைச் சரி பார்த்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சொல்லக் கேட்டிருக்கேன்,” என்றாள்.

அன்றைக்கே பெண் எங்களோடு கிளம்பிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. அதுவே எழுந்து துணியை எடுத்துப் பையில் வைத்தது. ஆட்டோவில் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தது. நாற்பது நாள் இருந்துவிட்டுத்தான் போனது.

உடனே அவள் திருந்திவிட்டாள் என்று உன் பாடப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளாதே. அடுத்த வாரமே எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. அவளுக்கு ரெண்டு பல், அதில் ஒன்று ஆடுகிறது என்றாள். பெண்ணிடம் மட்டும்தான் அந்த ஊம். மற்றவர்களுக்கெல்லாம் பழையபடிதான். சாகிற வரைக்கும் அப்படியேதான் இருந்தாள், எனக்கும் அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

ஆனால் பெண்ணைக் கூட்டி வந்த மறுநாள் காலை குழாயடி. எங்கள் தெரு சும்மா இருக்குமா? குடத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் நிற்கிறார்கள். வளைகாப்பு இல்லை என்ற துக்கம் ஒரு பக்கம், இவள் இதற்கு என்ன கதை வைத்திருப்பாள் என்கிற ஆசை ஒரு பக்கம். இவள் வந்தாள். பெண் தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். கோடி வீட்டுக்காரிதான் தாங்க முடியாமல் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அந்தப் பாம்பு விளையாட்டுக் குரலில் கேட்டாள்.

“உனக்கும் இந்த மாரி ஒண்ணு ஆயிருக்குமே, இல்லக்கா?”

எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் மட்டும் கீழே பார்த்தேன். குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடினாள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இல்லடி,” என்றாள். “எனக்கு அப்டி ஒண்ணும் ஆனதில்ல. எம் பொண்ணுக்குத்தான்.”